அணைஞ்சுதா?

பச்சை நூல் கட்டிய வயர் எஃப் என்று எழுதிய முனைக்குப் போக வேண்டும், சிவப்பு நூல் கட்டியது டி முனைக்கு. நூல் கட்டி அடையாளம் வைத்ததே அவள்தான், தையல்காரி. அப்படியும் நேற்று மாற்றி மாட்டித் தொலைத்திருந்தாள். இன்று பானட்டுக்குள் பக்கவாட்டில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டையும் கழற்றிச் சரியாக முறுக்கினாள்.

கணவர் டிரைவர் சீட்டில் சாய்ந்திருந்தார். இதயம் பாதிக்கு மேல் கைவிட்டாயிற்று, ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தாலே விரல் நடுங்குகிறது. அதனால் வாய் அவருடையது, கை அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து சக்களத்தி என்று அவள் கரித்துக்கொட்டிய அதே பழைய கார்தான். டைனமோ ஓடினாலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை, கடையில் கொடுத்துத்தான் ஏற்றி வர வேண்டியிருந்தது. சார்ஜை அளந்து விடுகிற ரெகுலேட்டர் போய்விட்டது. புதியதை மாட்டிச் சார்ஜ் ஏறினால், டேஷ்போர்டில் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். மாதக்கணக்கில் அது அணையவே இல்லை.

"அது அணையறதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்றார்.

"விளக்கைப் போய் அணையுதுங்கிறீங்களே. நல்ல வார்த்தையே வாயில வராதா?"

"அணைக்கிறதுல ரெண்டு வகை இருக்குடி. உனக்கு எப்பவும் கெட்டதுதான் ஞாபகம் வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்லவேளை பானட் மறைத்துவிட்டது. இந்த வயதிலும் பேச்சுக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

செய்ய வேண்டியதை அவர் வரிசையாக மறுபடி சொன்னார். முதலில் எஞ்சினை வேகமாக ஓடவிட வேண்டும். சிவப்பு விளக்கு அணைந்தால்தான் அடுத்தது, ஹெட்லைட்டைப் போட்டுப் பார்ப்பது. அந்தப் பாரத்தையும் டைனமோ தாங்கினால் வேலை முடிந்தது. அணையாவிட்டால் ஹெட்லைட்டைத் தொடவே கூடாது, பேட்டரி படுத்துவிடும்.

சாவி திரும்பியது. எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டு, உறுமியது. உச்சி வெயிலில் பானட் தகரம் சுட்டது.

"அணைஞ்சுதா?" என்று கத்தினாள். அவசரத்தில் அந்த வார்த்தையே வந்துவிட்டது. உறுமல் மெல்லத் தணிந்தது.

"உங்களைத்தான். அணைஞ்சுதா?"

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுற்றி வந்தாள். அவர் தலை ஜன்னல் பக்கம் சரிந்திருந்தது. ஒரு கை டேஷ்போர்டில் ஒரு சுவிட்சின் மேலேயே கிடந்தது. அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள், கூப்பிட்டாள், உலுக்கினாள். சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த கொழுந்தனார்தான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

பிற்பகலுக்குள் வீடு ஆட்களால் நிறைந்துவிட்டது. படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. "பாத்தாரா இல்லையான்னு தெரியலையே" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியூர் மகளைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, இதோ வந்துவிடுவாள் என்று தேற்றினார்கள். வயரை ஒழுங்காக மாட்டியிருந்தால் நேற்றே பார்த்திருப்பாரே என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பொழுது சாயும்போது கொழுந்தனார் வந்து பக்கத்தில் குனிந்தார்.

"அண்ணி, கார்ல ஹெட்லைட் எரிஞ்சுட்டே இருக்கு. வெயில்ல யாருமே கவனிக்கல போல. அணைச்சுடவா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மடியில் எடுத்து வைத்தாளே அந்தக் கை, அது ஹெட்லைட் சுவிட்சின் மேல்தான் இருந்தது. சிவப்பு விளக்கு அணையாமல் அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

"நீங்க இருங்க. நான் போறேன்."

ஹெட்லைட் வெளிச்சம் மங்கி, மஞ்சளாக வாசல் கேட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் சாய்ந்திருந்த சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சக்களத்தியின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து, அதன்மேல் தலையைச் சாய்த்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பேட்டரி படுத்துவிடும் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்த பிறகுதான் நிமிர்ந்து சுவிட்சைத் திருப்பினாள்.

"அணைச்சுட்டீங்களா அண்ணி?" என்று வாசலிலிருந்து கொழுந்தனார் கேட்டார்.

"ம், அணைச்சுட்டேன்" என்றாள்.