பால்-பாண்டி, நடுவில் ஒரு கோடு

சாத்தங்குறிச்சியில் வலைத்தள முகவரி பதியும்போது இரண்டு பெயர்களுக்கு நடுவே கோடு போடாவிட்டால், பெயர்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பெயருக்கு உரியவர் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். இரண்டு பேருக்கும் தெரிந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வந்த பிறகு பழைய பெயர்க்காரர்கள் கடையில் உட்காரக் கூடாது.

வக்கீல்கள் மணியும் மாறனும் அவசரத்தில் கோடு போடாமல் பதிந்தார்கள். மணிமாறன் வந்தார். நல்ல வக்கீல். வழக்கெல்லாம் இப்போது அவர்தான் பார்க்கிறார். வாழை இலை மண்டிக்காரர் கோடு வேண்டாம் என்றபோது ஆள் யாரும் வரவில்லை, ஒரு 'ய்' வந்தது. வந்ததை விரட்ட மனமில்லாமல் மண்டி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறினால் உள்ளே எடுத்துப் போடுவார்கள்.

ஆகவே செல்வராணி வந்து, "சித்தப்பா, நம்ம கடைக்கும் வலைத்தளம் வேணும். கோடு வேண்டாம்னு நெனைக்கேன்" என்றபோது, என்ன கேட்கிறாள் என்பது பாண்டிக்கு நன்றாகத் தெரிந்தது.

"கோடு வேணும்" என்றார். "உங்கப்பனும் நானும் ஒட்டக் கூடாது."

செல்வராணியின் அப்பா பாலும் பாண்டியும் சேர்ந்து ஆரம்பித்த வாடகைப் பாத்திரக் கடை அது. இரண்டு அண்டா, ஒரு தவலை, பன்னிரண்டு கரண்டி, ஒரு தள்ளுவண்டி. பால் வண்டியை முன்னால் இழுப்பார், பாண்டி பின்னால் தள்ளுவார். மேட்டில் ஏறும்போது பால் சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டைப் பாடுவார். பாண்டிக்கு அந்தப் பாட்டு தெரியாது, அடி முடியும் இடத்தில் மட்டும் சேர்ந்துகொள்வார். மேடு முடிந்ததும் பால் திரும்பிப் பார்த்து, "லே, தள்ளுதியா, தொங்கிட்டு வாரியா?" என்பார். கல்யாண வீட்டில் பால் முன்வாசலில் நின்று வீட்டுக்காரரோடு பேசுவார். பாண்டி பின்வாசலில், அடுப்படியில், கரண்டி எண்ணுவார்.

முதல் அண்டாவில் பெயர் வெட்டியவருக்குக் கை வழுக்கிவிட்டது. பாலுக்கும் பாண்டிக்கும் நடுவே புள்ளி விழ வேண்டிய இடத்தில் கோடு விழுந்தது. பித்தளையில் விழுந்ததை அழிக்கவா முடியும்? எல்லாப் பாத்திரத்திலும் அப்படியே வெட்டச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் செல்வராணிக்குக் கல்யாணம். வேதக்கோயில் மண்டபத்தில் சாப்பாடு. பாண்டி புது வேட்டி கட்டிக்கொண்டு போனார். மண்டப வாசலில் ஒரு லாரியிலிருந்து பாத்திரங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் வெளியூர்க் கடையின் பெயர். பாண்டி ஒரு கரண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வைத்தார். வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பாலோடு பேசவில்லை. கடை நடந்தது. சொல்ல வேண்டியதை அண்டாவிடம் சொல்வார்.

"ஏ அண்டா, நாளைக்கு நாப்பது நாற்காலி கீழத்தெருவுக்குப் போகணும்."

பால் தவலையிடம் பதில் சொல்வார். "தவலை, ஆள் வந்து காலையிலேயே எடுத்துட்டான்னு அண்டாகிட்டச் சொல்லிரு."

ஏன் வெளியூர்ப் பாத்திரம் எடுத்தான் என்ற ஒரு கேள்வியை மட்டும் பாண்டியால் அண்டா வழியாகக் கேட்க முடியவில்லை. அந்தக் கல்யாணத்தில் அண்டாவுக்கும் மனக்குறை உண்டு.

போன ஆடியில் பால் இறந்துபோனார். செத்தவன்மேல் என்ன கோபம் என்று ஊரில் சொன்னார்கள். பாண்டிக்குக் கோபம் போகவில்லை. பதில் சொல்ல ஆளில்லாமல் அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

முதலில் பாண்டியின் பிடிவாதப்படி கோடு வைத்தே பதிந்தார்கள். பஸ் நிலைய மாடியில் முகவரி பதிகிற கோமதிநாயகம், "நடுவுல கோடு, சரி" என்று முத்திரை குத்தினார்.

ஆவணி பிறந்தது. செல்வராணி போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். "பால், அப்புறம் ஒரு சின்னக் கோடு, அப்புறம் பாண்டி... கறக்கிற பால் இல்லைங்க, பேரு பால்... கோடுங்க, படுத்திருக்கிற கோடு." கேட்டவர்கள் சரி சரி என்றுவிட்டுக் கோடு இல்லாமல் போட்டார்கள். அப்படிப் போட்டவர்கள் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரரோடும் காய்கறியோடும் அங்கே மத்தியானம்வரை நின்றுவிட்டு, கொண்டுவந்த வெள்ளரிக்காயைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். பாத்திரங்கள் கவிழ்த்தது கவிழ்த்தபடி கிடந்தன.

"சனங்க கோட்டை விட்டுர்றாங்க, சித்தப்பா."

"கோட்டை விட்டது உங்கப்பன்."

"அப்பாவைச் சொல்லாதீங்க."

"நான் சொல்லாம யார் சொல்லுவா? ஏ தாயி, ஒண்ணு கேக்கேன். ஒட்டுன ஆளு வந்தா, உங்கப்பன் மனசுல இருந்ததும் அவருக்குத் தெரியும்லா?"

செல்வராணி அவரைப் பார்த்தாள். "தெரியும். ஆனா நீங்க கடையில உக்கார முடியாது."

நாற்பத்தைந்து வருடம் உட்கார்ந்த இடம். வாசலைப் பார்த்த மர நாற்காலி. அவர் முதுகுக்கு ஏற்றபடி அது வளைந்திருந்தது. பாண்டி மூன்று நாள் அதில் உட்கார்ந்து யோசித்தார். நான்காம் நாள் எழுந்து பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

"கோட்டை எடுத்துருங்க."

"எடுத்தா எடுத்ததுதான். திரும்ப வைக்க வழியில்ல" என்றார் கோமதிநாயகம்.

"தெரியும். எடும்."

அன்று சாயங்காலம் பாத்திரங்களில் இருந்த கோடுகள் எல்லாம் உதிர்ந்தன. செல்வராணி பெருக்கி அள்ளியபோது ஒரு முறம் நிறைந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பால்பாண்டி வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் வேதப்புத்தகம். பாண்டியின் மீசை, பாலின் நடை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து மர நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொண்டது.

பாண்டி வாசலில் நின்றார். முதல் முறையாகத் தன் கடையை வெளியிலிருந்து பார்த்தார். சின்னதாக இருந்தது.

"கேளு" என்றார் பால்பாண்டி. "அதுக்குத்தானே வரச் சொன்ன."

"வெளியூர்ப் பாத்திரம் ஏன் எடுத்தான்?"

"நம்ம பாத்திரம் வந்தா நீ பின்வாசல்ல கரண்டி எண்ணிக்கிட்டு நிப்ப. இம்புட்டு வருஷத்துல ஒரு கல்யாணத்துலயாவது நீ பந்தியில உக்காந்திருக்கியா? எம் மக கல்யாணத்துல பாண்டி மொதப் பந்தியில உக்காரணும்னான் பால். அதான் எடுத்தான்."



"இதை எங்கிட்டச் சொன்னா என்னவாம்?"

"நீ எங்க கேட்ட? அண்டாகிட்டல்லா பேசிக்கிட்டிருந்த."

"கிறுக்குப் பய" என்றார் பாண்டி. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு, "எலையை எடுத்திருப்பாங்க" என்றார்.

"எடுக்கல. மொதப் பந்தி இன்னும் எந்திரிக்கல. ஒரு எலை காலியா இருந்தா எப்படி எந்திரிப்பாங்க? போ. இங்க நான் பாத்துக்கிடுதேன்."

கடையில் அவருக்கு இனி வேலை இல்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு செல்வராணியோடு வேதக்கோயில் மண்டபத்துக்கு நடந்தார். மண்டபத்தில் முதல் பந்தி உட்கார்ந்திருந்தது. இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். ஒருவர், "வந்துட்டாருய்யா" என்று பக்கத்தில் இருந்தவரை எழுப்பினார். செல்வராணி, "இந்தா வந்துர்றேன், சித்தப்பா" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாண்டி காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். இலை பச்சையாகவே இருந்தது. முன்வாசல் பக்கம் பாலின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார்.

சாம்பார் வாளியோடு ஒருவர் வந்து குனிந்தார். சாம்பாரில் ஆவி பறந்தது.

"ஐயா மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

"பொண்ணு வீடு" என்றார் பாண்டி. "அப்பளம் நமத்துப் போச்சு, வேற கொண்டா."