மிதக்கும் தரை

கொத்தனாருக்கு 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். கையில் எந்நேரமும் மட்டம் பார்க்கும் அந்தக் கட்டை இருக்கும். முப்பது வருஷமாகத் தரை போடுகிறவன். ஆடாமல் அசையாமல் கிடப்பதுதான் தரை என்பது அவன் எண்ணம்.

அவன் வேலை பார்க்கும் மாடிக் கட்டடத்துக்கு, கீழ் வீட்டுக்குச் சத்தம் இறங்காமல் தடுக்கும் பாய்ச் சுருள்கள் இத்தாலியிலிருந்து வந்திறங்கின. கூட வந்த செய்முறைத் தாளை அவன் மனைவிதான் தமிழில் எழுதிக் கொடுத்தாள். இத்தாலிக்காரக் கிழவி ஒருத்தியை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டதில் வந்த பாஷை. மருந்து, சமையல், வசவு எல்லாம் அத்துப்படி. கட்டட வார்த்தைகள்தான் பிடி கொடுக்கவில்லை. ஃபோன் அகராதியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி எழுதினாள்: 'பாயின் மேல் போடும் காரை மிதக்க வேண்டும். சுவரை எங்கும் தொடக்கூடாது. நடுவே நுரைப்பட்டை நிற்க வேண்டும்.'

"மிதக்க இது என்ன படகா?"

"மூணு தரம் பாத்துட்டேன். அப்படித்தான் போட்டிருக்கு. நான் கைச்சரக்கு எதுவும் சேக்கலங்க."

நாற்பது வயசுக்கு மேல் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். எழுத்துக் கூட்டி முழுத்தாளையும் படித்தான். நம்பத்தான் இல்லை. நுரைப்பட்டை வைத்துக் காரை போட்டு இறுகியதும், சுவரோரம் விரல் அகலத்துக்கு நுரை பிதுங்கி நின்றது. எந்தக் கொத்தனாருக்குக் கை சும்மா இருக்கும்? பட்டையைப் பிடுங்கினான். இடுக்கில் சிமென்ட்டைத் திணித்துக் கரண்டியால் வழித்துவிட்டான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சோதனை நாள் வந்தது. மேலே தட்டினால் கீழே கேட்கிறதா என்று பத்து மணிக்குப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் வேறு ஆள் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். அறுபதைத் தொடுகிறவனை இனி எவன் சேர்ப்பான்?

எட்டு மணிக்குக் கீழ் வீட்டில் போய் நின்றான். மேலே மனைவி செருப்போடு நடந்தாள். ஒவ்வோர் அடியும் அவன் மண்டைக்குள் இறங்கியது.

"கேக்குதா?" என்று படிக்கட்டில் குனிந்து கேட்டாள்.

அவன் ஓடிப்போய் உளியை எடுத்தான். "ஓரத்துல சிமென்ட்ட வெச்சுத் தொலைச்சுட்டேன். அது வழியாத்தான் சத்தம் எறங்குது."

அவள் முறத்தை எடுத்துவந்து உட்கார்ந்தாள். அவன் கொத்தக் கொத்த அவள் தூளை அள்ளினாள். உள்ளங்கை கிழிந்ததே ஒழிய இரண்டு மணி நேரத்தில் ஒரு சுவர்கூட முடியவில்லை.

இன்ஜினியர் வந்து நின்றார். "என்ன கொத்தனாரே, போட்ட தரையையே கொத்துறீங்க? தாள்ல தப்பா எழுதிட்டாங்களா?"

உளி நின்றது. ஆமாம் என்றால் அவன் வேலை பிழைக்கும். ஆனால் அடுத்த சரக்கின் தாளையும் அவளையே எழுதச் சொல்லியிருந்தார்கள், அது போய்விடும்.

"ஆமான்னு சொல்லிடுங்க," என்று அவள் தூளைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"தாள் சரிதாங்க," என்றான். "படிச்சேன். நம்பல."

இன்ஜினியர் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். "கேக்குது சார்," என்று கீழிருந்து சோதனைக்காரர் குரல் கொடுத்தார்.

"உளியக் கீழ வைங்க. நாளைக்கு வேற ஆளுங்க வருவாங்க. அம்மா, அடுத்த தாளை வந்து வாங்கிக்குங்க."

அவள் வாங்கப் போகவில்லை. முறத்தை விட்டும் எழவில்லை.

"இந்த ஒரு சுவரை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேங்க," என்றான்.

அவன் கொத்தினான். ஒவ்வொரு கொத்தும் கீழ் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது.