அட்டையில் சிவப்பு, உள்ளே கறுப்பு

காமிக்ஸ் அட்டையில் குதிரையின் நான்கு கால்களும் தரையில் இல்லை, பள்ளத்தாக்கின் குறுக்கே அந்தரத்தில் நிற்கிறது, முதுகில் முகமூடிக்காரன், பின்னால் எரிகிற ஆரஞ்சு வானம், அவன் மேலங்கியின் சிவப்பு அச்சில் விலகிக் கோட்டுக்கு வெளியே கசிந்திருக்கிறது, இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பக்கத்தில் என் கணவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், மூடினாலும் திறந்தாலும் இப்போது அவருக்கு ஒன்றுதான், சர்க்கரை முதலில் இடது கண்ணைத் தின்றது, மறு வருடம் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது, மதுரைக்குப் போய் லேசர் வைத்தும் சாம்பல் மூட்டம்தான் மிஞ்சியது.

கல்யாணமாகி சாத்தூருக்கு வந்த முதல் வாரத்திலேயே பீரோவின் அடித்தட்டைத் திறந்து காட்டினார், துணிமணி இருக்கும் என்று நினைத்தேன், அத்தனையும் காமிக்ஸ், இந்தா, இங்க வந்து இதப் பாரேன் என்றார், உலை கொதிக்குதுங்க என்று நான் அடுப்படிக்குப் போனேன், பிறகு பிள்ளை அழுதான், பிறகு தண்ணீர் வந்துவிட்டது, பிறகு துணி காயப்போட வேண்டியிருந்தது, இந்தா இதப் பாரேன் என்ற குரல் மட்டும் வருடக்கணக்காக முன்னறையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, போகப்போக அது என்னைக் கூப்பிடுவதாக இல்லாமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாக ஆகிவிடுகிறது, எப்போது ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

பார்வை போன பிறகும் ஏதாவது ஒரு புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பார், ஒரு மத்தியானம் மனசு கேட்காமல், குடுங்க, நான் வாசிக்கேன் என்றேன், வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம், நீ படத்தச் சொல்லு என்றார், படத்தை எப்படிச் சொல்வது, ஒரு ஆளு நிக்கான் என்றேன், எப்படி நிக்கான், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுது என்று கேட்டார், அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன், பாதி முகம் முழுக்க மை, மீதி முகம் வெறும் காகிதம், அந்த வெறும் காகிதம்தான் வெளிச்சம். அட்டை வரஞ்சது நம்மூரு ஆளு, வர்ணத்த அள்ளிக் கொட்டிருப்பான், உள்ள வரஞ்சவன் எந்த ஊர்க்காரனோ, பேருகூடப் போட மாட்டாங்க, வெறும் கறுப்பு மைய வச்சே மழையக் கொண்டு வந்திருப்பான் பாரு என்றார், ஆமாங்க, நனைஞ்ச கல்லு மினுங்குதுங்க என்றேன், இதைத்தானே காட்டக் கூப்பிட்டார், நான்கு கண்ணும் இருந்த காலத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் பார்த்ததில்லையே.

இப்போதெல்லாம் கனவில் நான் அந்தக் கட்டங்களுக்குள் நடக்கிறேன், என் சேலைகூடக் கறுப்பும் வெள்ளையுமாக, தெரு முனையில் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறார், ஓடிப்போவதற்குள் விழித்துவிடுகிறேன், விழித்தால் மத்தியானம், மடியில் புத்தகம், சொல்லு, முகமூடிக்காரன் துறைமுகத்துக்கு வந்துட்டானா என்று அவர் கேட்கிறார்.

வந்துட்டான், பாய்மரக் கப்பல் நிக்கிது, கயிறு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியிது, மாடி சன்னல்ல ஒரு பொம்பள நிக்கா என்றேன். அவர் சிரித்தார், அங்க யாரும் கிடையாது, எனக்குத் தெரியாதா என்றார், இருக்காங்க, புகைக்குப் பின்னால, சின்னதா, நகக்கண்ணு அளவுகூட இல்ல என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது, எங்க என்றார், அவருடைய ஆட்காட்டி விரலைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தச் சன்னலின் மேல் வைத்தேன். என்ன செய்யிதா என்று கேட்டார், சும்மா நிக்கா, தெருவப் பாத்துக்கிட்டு என்றேன், முகம் என்றார், முகம் இல்லங்க, ரெண்டு புள்ளிதான், ஆனா பாக்குறது தெரியிது.

இத்தன வருசமா இவளப் பாக்காம விட்டுட்டேனே என்றார், மெதுவாகத்தான் சொன்னார், வெளியே பால்காரர் மணியடித்தார், நான் எழுந்திருக்கவில்லை, பக்கத்தைத் திருப்ப வேண்டும், அவர் இன்னும் விரலை எடுக்கவில்லை.