ஓடையில் விடாத சட்டை

நோட்டீசின் கடைசி வரியைச் சுப்பம்மா மூன்று தடவை படித்தாள். படிக்கத் தெரியாதவள் இல்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பன்னிரண்டு வருஷம் காயத்துக்கு மருந்து கட்டியவள். டாக்டரின் கோழிக் கிறுக்கலையே படித்து மருந்து எடுத்துக் கொடுத்தவள். இங்கேயோ ரோஸ் தாளில் எழுத்து ஒவ்வொன்றும் கொட்டை கொட்டையாக இருந்தது. ‘தாயகம் திரும்பியோர் நலச் சங்கம் நடத்தும் பாராட்டு விழா. ஞாயிறு காலை பத்து மணி. சமூக சேவகி திருமதி சுப்பம்மா சோலைமுத்து அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பவர்: உயர்திரு காவல்துறை ஆய்வாளர் அவர்கள்.’

“அடப் பாவிகளா!” என்றாள்.

பால் விடாத சாயத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. காரட் வயலில் களை எடுக்கிற சோலி கிடந்தது. இரண்டையும் அப்படியே போட்டுவிட்டு, கவுஞ்சி மலைக்கிராமத்தின் மேட்டுத் தெருவைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தாள். எதிரே வந்தவர்கள் “என்னக்கா, ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பொன்னாடையாமே?” என்று சிரித்தார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா? அவள் செய்த சேவைதான் என்ன? பள்ளிக்கூடம் கட்டினாளா, கோயிலுக்குக் கோபுரம் எழுப்பினாளா? ஸ்டேஷனில் அடித்துத் துவைத்து வெளியே தள்ளியவர்களைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கஞ்சி ஊட்டினாள். யாரையாவது பிடித்துக்கொண்டு போனால், வெள்ளனே போய் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, ‘உள்ளே இருக்கிறவனை என் கண்ணால் பார்க்காமல் போகமாட்டேன்’ என்று அடம்பிடித்தாள். இதுதான் ஐந்து வருஷமாக அவள் பார்த்த சேவை. அடிபட்டவனுக்குப் பண்டுவம் பார்த்ததற்கு அடித்தவன் கையால் பொன்னாடையாம்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

சங்கச் செயலாளர் சுந்தரராஜ் வாசலில் நின்று கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். சங்கத்துக்காக நாயாக அலைகிறவர். ஆனால் அதிகாரி என்று ஒருவரைக் கண்டுவிட்டால் முதுகு தானாக வளைந்துவிடும்.

“ஏன் தம்பி, உமக்கு வேற ஆளே கெடைக்கலியா?” என்று நோட்டீசை நீட்டினாள் சுப்பம்மா.

“அக்கா, கொஞ்சம் மெதுவா. மைக்செட்டுக்குப் பர்மிஷன் வேணும். அதுவும் போக, ஒரு ஆபீசர் மேடையில இல்லாட்டி அது விழாவா? தோட்டத்துல காமன் கூத்தே தொரை வந்து முன்னால உக்காந்த பொறகுதானே ஆரம்பிக்கும்? நமக்கு அதானே பழக்கம்.”

அங்கேதான் இருந்தது கோளாறு. கடல் தாண்டி வந்து பத்து வருஷம் ஆகியும் இந்தச் சனம் துரைக்கு நாற்காலி போடுகிற பழக்கத்தை விடவில்லை. அங்கே வெள்ளைக்காரத் துரை, அப்புறம் சிங்களத் துரை. இங்கே துரை இல்லை. ஆகவே கலியாணத்துக்கு ரேஞ்சர், காதுகுத்துக்கு வி.ஏ.ஓ., இப்போது இதற்கு இன்ஸ்பெக்டர். நாற்காலி காலியாக இருந்தால் இவர்களுக்குத் தூக்கம் வராது.

“அழகையாவை யாரு அடிச்சா?” என்று கேட்டாள் சுப்பம்மா.

சுந்தரராஜ் பொத்தானைப் பார்த்தபடி நின்றார்.

“சொல்லுமய்யா. வாயில கொழுக்கட்டையா?”

“அக்கா, நோட்டீஸ் அடிச்சாச்சு. அவரும் சந்தோஷமா வர்றேன்னுட்டாரு. இப்பப் போயி வேண்டாம்னா நம்ம சனத்துமேல பாய மாட்டாரா? ரெண்டு நிமிஷம் நின்னு ஒரு துண்டை வாங்கிக்கிடுங்க, முடிஞ்சுது சோலி.”

இன்ஸ்பெக்டர் ஏன் சந்தோஷமாக வரமாட்டார்? விழா ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை கொடைக்கானலில் ஆர்.டி.ஓ. விசாரணை. மனுப் போட்டவள் இந்தச் சுப்பம்மா. அவள் தோளில் அவர் பொன்னாடை போர்த்துகிற போட்டோ ஒன்று கையில் இருந்தால் போதும், விசாரணையில் அவர் வாய் திறக்கவே வேண்டாம். இது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். சுந்தரராஜுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் புரியாத மாதிரி இருந்தார்.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு பண்ணைக்காரரின் ஆயில் இன்ஜின் காணாமல் போனது. யார் எடுத்திருப்பார் என்று யாரும் யோசிக்கவே இல்லை. ‘சிலோன்காரப் பயலுக’ என்று ஒரு சொல் போதுமாக இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டை சுமந்துகொண்டிருந்த அழகையாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் வைத்து லாடம் கட்டினார்கள். மாட்டுக்குக் கட்டுகிற லாடம் இல்லை. காலை நீட்டிக் கட்டிப்போட்டு உள்ளங்காலில் லத்தியால் அடிப்பதற்கு ஸ்டேஷனில் அப்படி ஒரு பேர். நான்காம் நாள் இன்ஜின் அகப்பட்டது, பண்ணைக்காரரின் சொந்த மச்சினன் கொட்டகையில். மச்சினனை யாரும் தொடவில்லை. அழகையாவை மட்டும் “போடா” என்று வெளியே விட்டார்கள். போகச் சொன்னார்களே, எந்தக் காலால் போவான்?

ஆஸ்பத்திரியில் என்ன ஆச்சு என்று கேட்டபோது, “வழுக்கி விழுந்துட்டேன்” என்றான் அழகையா. பக்கத்தில் கான்ஸ்டபிள் நின்றுகொண்டிருந்தான். சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது.

ஆதாரம் என்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு சட்டைதான். அதுவும் போயிருக்கும்.

ஸ்டேஷனுக்குப் போய் வந்தவன் அந்தத் துணியோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது இவர்களிடம் ஒரு வழக்கம். ஓடையில் தலை முழுகி, உடுத்தியிருந்ததைத் தண்ணீரோடு விட்டுவிட்டு, புதுத்துணி கட்டித்தான் வாசல் மிதிக்க வேண்டும். அப்படி விட்டால் பீடை கழியுமாம். பீடை கழிந்ததோ இல்லையோ, ரத்தம் தோய்ந்த துணி ஓடையோடு போய்விடும். ஸ்டேஷன்காரர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

எமர்ஜென்சி வருஷத்தில் சுப்பம்மாவின் புருஷன் சோலைமுத்து மரம் வெட்டுகிற கூப்பில் கூலி கேட்டுச் சண்டை போட்டதற்காகப் பிடிபட்டு, இதே மாதிரி அடி வாங்கி மூன்றாம் நாள் வந்தான். அவன் வேட்டியையும் சட்டையையும் ஓடையில் விட்டது வேறு யாரும் இல்லை, அவளேதான். டிஸ்பென்சரியில் வேலை பார்த்தவளுக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதோ! பதினோராம் நாள் அவன் செத்துப்போனான். விசாரிக்க வந்த அதிகாரி, “அடிச்சாங்கன்னு சொல்றியே, என்ன ஆதாரம்?” என்று கேட்டார். அவள் ஓடையைக் கைகாட்டினாள். ‘நெஞ்சுவலி’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவள் ஒருவரையும் துணியை ஓடையில் விட விடுவதில்லை. அழகையாவின் மனைவி இராசாத்தி சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிய பிறகு, முழங்கால் தண்ணீரில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. வாயிலிருந்து வடிந்த ரத்தம் காலரிலும், காலில் துடைத்தது முன்பக்கத்திலுமாகக் காய்ந்து விறைத்திருந்தது. கப்பலில் கொண்டுவந்த தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

சுந்தரராஜிடமிருந்து நேரே அழகையா வீட்டுக்குப் போனாள். அவன் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பாதம் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

“திங்கக்கிழமை வருவியா?”

“வழுக்கித்தான் விழுந்தேங்க்கா.”

“யாருகிட்டச் சொல்ற? கட்டுப் போட்ட எங்கிட்டயா?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இராசாத்திதான் பேசினாள். “நேத்து ஜீப் வந்து வாசல்ல நின்னுட்டுப் போச்சுக்கா. ஒண்ணும் பேசலை. சும்மா நின்னுட்டுப் போச்சு. எங்களுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு.”

சும்மா நிற்குமாம் ஜீப்! சுப்பம்மாவுக்கு வசவு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவனைத் திட்டி என்ன செய்ய? பயப்படுகிறவன்மேல் கோபப்படுவது சுலபம். பயமுறுத்துகிறவன் எட்டாத உயரத்தில் அல்லவா இருக்கிறான்.

“அந்தச் சட்டையை ஓடையில விட்ருங்கக்கா” என்றான் அழகையா.

“உன் சட்டை. திங்கக்கிழமை கழிச்சுக் கேளு, குடுத்துர்றேன். அதுவரைக்கும் எங்கிட்டக் கெடக்கட்டும். இது உன் சட்டைன்னு என் வாயால சொல்ல மாட்டேன், போதுமா?”

அவன் வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமையோடு மனு மூடப்படும். அடுத்த இன்ஜின் காணாமல் போகும்போது அடுத்த ஆள். 

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. மேடையில் நடுவில் ஒரு பெரிய கைவைத்த நாற்காலி, அதன்மேல் பூத்துண்டு. மற்றவர்களுக்கு மடக்கு நாற்காலி. பத்து மணி விழாவுக்குப் பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. அதுவரை ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து பெரிய நாற்காலியில் உட்கார்ந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. கடைசி பெஞ்சில் அழகையாவும் இராசாத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். சுப்பம்மா மட்டும் மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தே இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நன்றாகத்தான் பேசினார். “இந்த அம்மாவும் மக்களுக்காக ஓடுறாங்க, நாங்களும் மக்களுக்காக ஓடுறோம். ரெண்டு பேர் செய்றதும் ஒரே சேவைதான்” என்றார். கைதட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள், பாவம்.

பிறகு பொன்னாடையை விரித்துக்கொண்டு நின்றார். கொடைக்கானலிலிருந்து வந்த போட்டோக்காரர், “மேடம், கொஞ்சம் சார் பக்கம் டர்ன் பண்ணுங்க, ஸ்மைல்” என்றார்.

சுப்பம்மா எழுந்தாள். பையைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்து உதறித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.

“எனக்குப் போர்த்தியாச்சுங்க ஐயா” என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் வாசல்வரை கேட்டது. “நான் என்ன சேவை செஞ்சேன்னு நோட்டீசுல போடலை. இந்த மாதிரிச் சட்டைக்காரவுகளுக்கு மருந்து கட்டுனேன். இது ரத்தம். உங்க ஸ்டேஷன்ல மூணு நாள் ஊறுன ரத்தம். இதைத் தொவைக்காம வச்சிருக்கேன். என் புருசன் சட்டையை அறிவுகெட்டுப்போய் ஓடையில விட்டேன், அதனால இதை விடலை.”

போட்டோக்காரர் காமிராவைக் கீழே இறக்கிவிட்டார். இன்ஸ்பெக்டரின் முகம் ஒரு கணம் கறுத்தது. அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை.

“யார் சட்டைம்மா இது? பேர் இருக்கா? ஆடு அறுத்தவன் சட்டையா இருக்கும். இல்லாட்டி எவனாச்சும் வழுக்கி விழுந்திருப்பான்” என்றார்.

சுப்பம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேர் நாக்கிலேயே இருந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள், சொல்லவில்லை.  இன்ஸ்பெக்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “பாருங்க, ஆளே இல்லை” என்றார்.

“இருக்கேன்.”

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது குரல். அழகையா எழுந்துவிட்டான். இராசாத்தி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானும் எழுந்து தோளைக் கொடுத்தாள். இரண்டு பேரும் நடுவழியில் நடந்து வந்தார்கள். உள்ளங்காலை ஊன்ற முடியாமல் பாதத்தின் ஓரத்தால் அவன் நடந்த நடையை அந்தக் கூடம் முழுக்கப் பார்த்தது. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

மேடை அருகே வந்து மூச்சு வாங்க நின்றான்.

“அது என் சட்டைங்க. நான் வழுக்கி விழுகலை. நாளைக்கு ஆர்.டி.ஓ. முன்னாடியும் இதைத்தான் சொல்லுவேன்.” சொல்லி முடித்ததும் படியைப் பிடித்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு சுந்தரராஜைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சுந்தரராஜுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பித்தளைப் பொத்தான் கோட்டுக்குள் அவருக்கு வேர்த்து ஊற்றியது. எல்லோரும் அவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள்.

அவர் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் போனார். பூத்துண்டு போட்ட அந்தப் பெரிய நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கி, அழகையாவின் முழங்காலுக்குப் பின்னால் வைத்தார்.

“உக்காருப்பா” என்றார். “கால் வலிக்கும்.”