வயிற்றின் மேல் ஒரு களஞ்சியம்

ஸ்டோர்கீப்பர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தியபோது அவர் மனைவி ஒரு பாட்டின் நடுவில் இருந்தாள். தையல் மெஷினில் பள்ளிச் சீருடைச் சட்டையின் காலர் ஓடிக்கொண்டிருந்தது. காலர் நிற்கவில்லை. பாட்டு நின்றது.

"ஏன் சாத்துறீங்க? வெக்கையா இருக்கு."

"எதிர்வீட்டுப் பொண்ணு பால்கனில நிக்குது. கையில போனு."

"நின்னா என்ன?"

"பதிவு பண்ணிட்டா? நாளைக்கு எவனாவது அதைப் போட்டு சம்பாதிப்பான். உரிமை யாருதுன்னு நாம கோர்ட்டு வாசல்ல போய் நிக்கணும்."

அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது உங்க புத்தகத்துல எத்தனாம் பக்கத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நூத்திப் பன்னெண்டு" என்றார் அவர், தன்னைக் கேலி செய்கிறாள் என்பது புரியாமல்.

பஸ் டிப்போவின் உதிரிபாகக் கிடங்கு அவர் கையில் இருந்தது. கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு நட்டு வெளியே போகாது. ஒருமுறை வைப்பர் ரப்பர் கேட்டு வந்த சீட்டில் கையெழுத்து ஒரு கட்டம் தள்ளி விழுந்திருந்தது. சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடைமழையில் அந்த வண்டி கிளம்பாமலே நின்றது. ஓட்டுநர்கள் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. அவர் மட்டும் அதைத் தன் வாழ்க்கையின் வெற்றிகளில் ஒன்றாக, விருந்தாளிகள் தப்பித்துப் போக முடியாதபடி கதவுப் பக்கமாக உட்கார்ந்துகொண்டு சொல்வார்.

அப்படிப்பட்டவர் வீட்டில், சீட்டும் கையெழுத்தும் இல்லாமல் இத்தனை வருடமாக ஒரு பொருள் வெளியே போய்க்கொண்டிருந்தது. அது மனைவியின் குரல். மகளைத் தூங்கவைக்க அவளே கட்டிய மெட்டுகள்தான். வார்த்தை பாதி, முனகல் பாதி. மகள் வளர்ந்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடியும் ஆகிவிட்டாள். தாலாட்டு மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. மெஷின் ஓடினால் பாட்டு ஓடும். நூல் அறுந்தால் நிற்கும். ஊசியில் நூலைக் கோத்ததும் எந்த எழுத்தில் நின்றதோ அதே எழுத்தில் மறுபடி தொடங்கும். ஸ்டோர்கீப்பர் அதை மின்விசிறியின் சத்தத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டிருந்தார். அதாவது, கேட்டதில்லை.

கேட்டவர் வேறொருவர். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஒல்லி மனிதர். தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்கக் கனத்த திரைச்சீலைகள் தைக்கக் கொடுத்திருந்தார். வாங்க வந்தவர், பாட்டு முடியட்டும் என்று செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். திரும்பும்போது திரையை மறந்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து, தாலாட்டுத் தொகுப்பு ஒன்று செய்துதரும் வேலை வந்திருப்பதாகவும், அக்கா வந்து பாடித்தந்தால் போதும், வருவதைப் பாதிப்பாதியாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மனைவியின் முகத்தில் அப்போது வந்த நிறத்தை ஸ்டோர்கீப்பர் கவனித்திருக்கலாம். அவரோ 'பாதி' என்ற சொல்லைக் கவனித்துக்கொண்டிருந்தார். எதில் பாதி? எழுத்தில் உண்டா? "யோசிச்சுச் சொல்றோம்" என்று ஒலிப்பதிவுக்கூடக்காரரை அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் புத்தகக் கடைக்குப் போனார்.

பாடத் தெரிந்தவர்கள் பாடுகிறார்கள். தெரியாதவர்கள் பாடுவது எப்படி என்று எழுதுகிறார்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரிது என்பது அந்தக் கடையின் அலமாரியைப் பார்த்தால் விளங்கும். குரலை வளர்ப்பது, மேடையைப் பிடிப்பது, ரசிகரைப் பிடிப்பது, பிடித்த ரசிகர் தப்பாமல் பார்த்துக்கொள்வது என்று வகை வகையாக இருந்தன. ஸ்டோர்கீப்பர் இரண்டை எடுத்தார். ஒன்று, செங்கல் கனத்தில் 'இசை வணிகக் களஞ்சியம்'. பின்னட்டையில் ஆசிரியர் காதில் ஹெட்போனும் மார்பில் கட்டிய கையுமாக, உலகத்தின் கள்ளக்கணக்கையெல்லாம் பிடித்துவிட்ட பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இசைத் துறையில் என்ன செய்தார் என்று தேடினால், இதற்கு முன்பு இரண்டு களஞ்சியங்கள் எழுதியிருந்தார். இன்னொன்று மனைவிக்கு: 'குரல் எனும் கோட்டை'. மெலிந்த புத்தகம். அதே ஆசிரியர், அதே படம், சட்டை மட்டும் வேறு.

களஞ்சியத்தை ஸ்டோர்கீப்பர் டிப்போவில் படித்தார், பஸ்ஸில் படித்தார், சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பை அண்டக்கொடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க, இசை என்பது முழுக்க முழுக்க உதிரிபாக விவகாரம் என்பது புலப்பட்டது. மெட்டுக்கு ஓர் உரிமை, வார்த்தைக்கு ஓர் உரிமை, பாடியதற்கு ஒன்று, பதிந்ததற்கு ஒன்று. இத்தனை நாள் தன் வீட்டுக் கிடங்கு பூட்டில்லாமல் கிடந்ததை நினைத்தபோது அவருக்கு வியர்த்தது. ஒரு கலைஞருக்குப் பின்னால் கண்டிப்பான மேலாளர் ஒருவர் வேண்டும் என்று எட்டாம் அத்தியாயம் சொன்னது. அப்படியொரு ஆள் இந்த வீட்டில் யார் என்று அவர் சுற்றுமுற்றும் பார்க்கக்கூட இல்லை.

விதிகள் அமலுக்கு வந்தன. ஜன்னல் திறந்திருக்கும்போது பாடக்கூடாது. துணி கொடுக்க வருகிறவர்கள் முன் பாடக்கூடாது. போனில் மகளுக்குக்கூடக் கூடாது. நடுவில் யார் கேட்கிறார்களோ. ஒலிப்பதிவுக்கூடக்காரருக்கு ஒன்பது பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தன் கையாலேயே எழுதினார். ஏழாம் பக்கத்தில் நிலநடுக்கம் வந்தால் யார் பொறுப்பு என்பதற்கும் ஏற்பாடு இருந்தது.

மகள் போனில் சிரித்தாள். "அப்பா, அம்மா பாடுனா மழை வருமா, போலீஸ் வருமா? எதுக்குப்பா இவ்வளவு பந்தோபஸ்து?" என்றாள். இந்தத் தலைமுறைக்குப் பொறுப்பு கிடையாது என்று அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

மனைவியோ கோட்டையைப் படித்தாள். முதலில் ஆசையாகத்தான். தைக்க அளவெடுப்பதுபோல வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். இத்தனை வருடமும் தான் மூச்சைத் தவறாக விட்டுவந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தோளை உயர்த்துவது தவறு. தாடையை இறுக்குவது தவறு. குனிந்து தைத்துக்கொண்டே பாடுவது பெருந்தவறு. அதற்குத் தனிக் கட்டம் கட்டி, உள்ளே எச்சரிக்கை போட்டிருந்தது. நேராக நின்று, கண்ணாடி பார்த்து, வயிற்றில் கை வைத்துப் பாடிப் பார்த்தாள். நாலு நாளில் கண்ணாடி முன் நிற்பதை விட்டாள். பிறகு மெஷினில் உட்கார்ந்தாலும் வாய் திறக்கவில்லை. நூல் அறுந்தது, கோத்தாள், தைத்தாள். நடுவில் தொடங்குவதற்கு ஒன்றும் இல்லை.

வீடு அமைதியாக இருந்தது. சரக்கு பத்திரமாக இருக்கிறது என்று ஸ்டோர்கீப்பர் அதைப் புரிந்துகொண்டார்.

எதிர்வீட்டில் மட்டும் மதியத்தில் கைக்குழந்தை ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் ஒருநாள் தெருவில் அவரை மறித்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா அண்ணா, சத்தமே காணோமே என்று கேட்டாள். கண்ணுக்குக் கீழே அவளுக்குக் கருவளையம். வேவு பார்க்கிறாள் என்று அவர் முடிவுகட்டி, "நல்லாத்தான் இருக்கா" என்று ஒற்றை வரியில் கதவடைத்தார்.

பதிவு நாள் வந்தது. அவளே தைத்த திரைகள் நாலு பக்கமும் தொங்க, நடுவில் அவள் நின்றாள். முதுகு நேர். தோள் தாழ்வு. தாடை தளர்வு. கோட்டையில் போட்டிருந்த படத்துக்கு உயிர் வந்ததுபோல இருந்தாள். பாடினாள். சுருதி பிசகவில்லை, ஒன்றும் பிசகவில்லை. ஆனால் அது தாலாட்டாக இல்லை. காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் வருகையைச் சொல்வதுபோல இருந்தது. பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தை விளக்கிக்கொண்டிருந்த ஸ்டோர்கீப்பருக்கே பேச்சு தடைப்பட்டது. பித்தளைப் பாகம் என்று பெட்டியைப் பிரித்து, உள்ளே தகரத்தைப் பார்த்தால் விரல் நுனியில் ஒன்று தெரியுமே, அது தெரிந்தது.

ஒலிப்பதிவுக்கூடக்காரர் கருவிகளை அணைத்துவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"அக்கா, அன்னைக்கு வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டேனே. அது எங்க போச்சு?"

அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பதாக அவர் சொன்னார். அதற்குமேல் தன் கையில் இல்லை, வேறு குரல் தேட வேண்டியிருக்கும். இதைச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கிறவர்போலத் தலையைச் சொறிந்தார். ஒன்பது பக்கத்தில் இதற்கு விதி எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, விளக்கைப் போடாமல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"எனக்கு வேணாங்க. அவர்கிட்ட சொல்லிடுங்க."

"ஒருநாள் சரியா வரலைன்னா..."

"ஒருநாள் இல்ல. துணி தைக்கும்போதே வரமாட்டேங்குது. வாயத் தொறந்தா அந்த ஹெட்போன்காரன் மொகந்தான் முன்னால வந்து நிக்குது. தோளை எறக்குங்கறான்." பிறகு சாதாரணமாக, நூல்கண்டு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்: "எனக்குன்னு அது ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அன்றைக்கு ஸ்டோர்கீப்பர் களஞ்சியத்தைத் திறக்கவில்லை. இரவில் புரண்டு படுத்தவர், கிடங்கில் ஒரு பொருள் காணாமல் போனால் கடைசியாக அதைத் தொட்டது யார் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்ற தன் விதியையே நினைத்துக்கொண்டு கிடந்தார். விதி நல்ல விதிதான். விடைதான் அவ்வளவு நன்றாக இல்லை.

இருந்தாலும் பழக்கம் யாரை விட்டது? ஞாயிறு மதியம், கோளாறு எங்கே என்று கழற்றிப் பார்த்துவிடுவது என்று கோட்டையைக் கையில் எடுத்தார். பயிற்சி மூன்று: தரையில் மல்லாந்து படுக்கவும். வயிற்றின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வைக்கவும். மூச்சு உள்ளே போகும்போது புத்தகம் எழ வேண்டும். வெளியே வரும்போது இறங்க வேண்டும். தான் செய்து கற்றுக்கொண்டு அவளுக்குச் சொல்லித்தந்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. கோட்டைக்குக் கனம் போதவில்லை. வீட்டில் கனமான புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கை நிறையச் சீருடைத் துணியோடு வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றாள். அவள் புருஷன் பனியனோடு தரையில் கிடந்தார். தொந்தியின் உச்சியில் இசை வணிகக் களஞ்சியம் நின்றது. பின்னட்டை மேலே இருந்ததால் ஹெட்போன்காரரும் மார்பில் கை கட்டியபடியே ஏறினார், இறங்கினார், ஏறினார், இறங்கினார். இப்படி ஆட்டினால் யார் முறைப்புக்குத்தான் மரியாதை இருக்கும்?

"என்னங்க இது?"

"பயிற்சி மூணு. பேசக்கூடாது" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

மூக்கில் காற்று போவதுபோல ஒரு சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா, பெருமூச்சா என்று கண்ணைத் திறக்காமல் அவரால் சொல்ல முடியவில்லை. துணியைப் போட்டாள். நடந்தாள். தாழ்ப்பாள் நகரும் சத்தம். ஜன்னல் திறந்தது, காற்று வந்து அவர் உள்ளங்காலில் பட்டது. விதி ஒன்று போச்சு என்று வாய்வரை வந்தது. பயிற்சியில் பேசக்கூடாதே.

மெஷின் ஓடத் தொடங்கியது. எதிர்வீட்டுக் குழந்தை கத்தியது. புத்தகம் ஏறியது, இறங்கியது.

"தூங்கிட்டீங்களா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

பதில் சொல்ல வாயெடுத்தவர், ஏனோ சொல்லவில்லை. ஒரு சின்னக் குறட்டையை விட்டார். அவர் வாழ்க்கையில் கையெழுத்திட்டுக் கொடுத்த முதல் பொய்ச் சீட்டு அதுதான்.

இன்னும் இரண்டு சட்டைக் காலர் ஓடியிருக்கும். ஒரு முனகல் வந்தது. முதலில் அது மெஷினுடையதா அவளுடையதா என்று தெரியவில்லை. பிறகு அதில் பாதி வார்த்தை ஒன்று வந்து சேர்ந்தது. புத்தகம் ஏறும்போது மெட்டு ஏறியது. இறங்கும்போது வளைந்து, அவசரமே இல்லாமல், அதுவும் இறங்கியது. அவள் பார்வை தைக்கும் துணியில் இருந்ததா, தொந்தியில் இருந்ததா என்று யார் கண்டது? மூச்சை ஒரே அளவில் விடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது ஸ்டோர்கீப்பருக்கு அப்போதுதான் தெரிந்தது. மூக்கு நுனியில் ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்.

மின்விசிறிக்கு இத்தனை வளைவு இருக்காது என்று தோன்றியது. அந்த இடத்தில் குரல் லேசாக உடைகிறதே, எப்போதும் இப்படித்தான் உடையுமா? அவருக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது?

இமையை மயிரிழை விலக்கிப் பார்த்தார். திறந்த ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டு பால்கனியில் அந்தப் பெண் நின்றாள். தோளில் குழந்தை சாய்ந்திருந்தது, கத்தல் நின்றிருந்தது. ஒரு கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. மற்றக் கை, போனைப் பிடித்தபடி, கம்பிக்கு வெளியே இந்த வீட்டை நோக்கி நீண்டிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அவர் தொப்புளுக்கு நேர் மேலே இருந்தது. அவர் இமையை மூடிக்கொண்டார்.

அப்போது நூல் அறுந்தது.

மெஷின் நின்றது. பாட்டு, ஓர் எழுத்தின் பாதியில், நின்றது. ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது. நூல் நுனியை உதட்டில் நனைத்துக்கொண்டு, குனிந்து, ஊசிக் கண்ணைத் தேடுகிறாள். எதிர்வீட்டிலும் முதுகு தட்டிய கை நின்றுவிட்டது. தரையில், ஸ்டோர்கீப்பரின் வயிற்றின் மேல், உள்ளே இழுத்த மூச்சை அவர் விடாமல் பிடித்திருந்ததால் ஏறிய களஞ்சியம் இறங்காமல், அந்த உயரத்திலேயே, லேசாக நடுங்கியபடி நின்றது.