நாச்சி சாக வேண்டும்

“‘உளி பிடித்துக் காய்த்த அந்தக் கை அவள் விரல்களைப் பற்றியது. அவள் விலக்கிக்கொள்ளவில்லை.’” உரக்கப் படித்துவிட்டு நரசிம்மலு பத்திரிகையை மேஜைமேல் போட்டார். “இத எழுதுனது நீங்கதானா அம்மணி?”

அவருடைய தம்பி மனைவி ராமாமணி சுவரோரம் நின்றாள். முப்பத்தாறு வயது. கணவன் இறந்து ஒன்பது வருஷம். கருமத்தம்பட்டி வீட்டு மாடியறையில் கிடந்தே கொங்குக் கல்வெட்டுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். விருந்தாளி வந்தால் மட்டும் நாக்கு எழாது. பேச முடியாததையெல்லாம் ஒரு சரித்திரத் தொடர்கதையாக, புனைபெயரில், மெட்ராஸ் வாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினாள். செப்பேடு படிக்கத் தெரிந்த, அதிகம் பேசாத நாச்சி என்ற விதவைக்கும் ஒரு சிற்பிக்கும் காதல். இருபத்தெட்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு வந்த பத்திரிகை ஆசிரியரின் கடிதத்தை நரசிம்மலு பிரித்தபோது, அவர் மகள் தேஜஸ்ரீயைப் பெண்கேட்டிருந்த போத்தனூர்ச் சம்பந்தியும் பக்கத்தில் இருந்துவிட்டார்.

“தாலியறுத்தவ இப்படி எழுதற ஊட்டுல பொண்ணெடுக்கலாமான்னு கேக்கறாங்க. தேஜஸ்ரீ கல்யாணம் நின்னுபோச்சுன்னா என்னங்க பண்றது?”

“கதைதானுங்க மாமா.”

“கதைதானே? கடைசி வாரத்துல அவ செத்துப்போகட்டும். அப்படி முடிஞ்சா அவங்களுக்கும் சம்மதமாம்.”

மாமியார் வெங்கடலட்சுமி பூக்கட்டிக்கொண்டிருந்தார். எழுதுவது யாரென்று தெரியாமலே வாராவாரம் அந்தக் கதையைப் படித்து, “இந்தப் புள்ள அந்தச் சிற்பியக் கட்டிக்கோணும்” என்று மருமகளிடமே சொன்னவர். இப்போது தலை நிமிரவில்லை.

மத்தியானம் தேஜஸ்ரீ மாடிக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “எனக்காக அவளைச் சாகடிச்சுப்போடுங்க சித்தி.”

ராமாமணி எழுதினாள். நாச்சி கிணற்றில் இறங்கினாள். நரசிம்மலு படித்துப் பார்த்து, நிம்மதியாகத் தானே கூரியரில் அனுப்பினார்.

மறுநாள் காலை நகலைப் புரட்டியபோதுதான் ராமாமணி கவனித்தாள். நாச்சி விழுந்தது பழங்காலத்துக் கிணறு அல்ல. இவர்கள் தோட்டத்துக் கிணறு. உடைந்த ஏழாவது படி, அரளிச்செடி, அந்த மூலையில் மட்டும் உள்ள ஆழம், எல்லாம் இருந்தன. இதையெல்லாம் எப்போது பார்த்துவைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள். மெட்ராஸ் பத்திரிகை ஆபீஸ் லைன் கிடைத்தது, ஆசிரியரே எடுத்தார்.

“கடைசிப் பக்கத்தை மாத்தோணுங்க. சொல்றேன், எழுதிக்கிறீங்களா?”

“கேக்கலைம்மா. சத்தமா சொல்லுங்க.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தறிக்காரர்களும் கல்லூரிப் பெண்களும் காத்து நின்றார்கள். ராமாமணி கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். “நாச்சி அவன் வாசலுக்குப் போனாள். ‘என்னை அழைத்துக்கொள்’ என்றாள்.” வரி வரியாக, இரண்டு இரண்டு முறை. வேர்வையில் ரவிக்கை நனைந்தது. முடிவில், “புனைபெயர் வேண்டாங்க. எம் பேரையே போடுங்க” என்றாள்.

பத்திரிகை வந்த அன்றே போத்தனூரிலிருந்து ஆட்கள் வந்து சம்பந்தத்தை முறித்துவிட்டுப் போனார்கள். தேஜஸ்ரீ அறைக்கதவைத் திறக்கவில்லை. ராமாமணி கதவுக்கு வெளியே நின்று “கண்ணு” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நரசிம்மலு ராமாமணியின் பெட்டியையும் புத்தகக் கட்டுகளையும் கேட்டுக்கு வெளியே வைத்தார். “எங்கியோ போய் நல்லா இருங்க அம்மணி” என்றார். அப்போதும் மரியாதை குறையவில்லை.

ராமாமணி பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது வெங்கடலட்சுமி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கையில் பத்திரிகை. மகன் உள்ளே போய்விட்டானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“ஏனம்மணி, கல்யாணத்துக்கப்புறம் நாச்சிய அவன் படிக்க உட்டானா?”

“உட்டானுங்க அத்தை.”

“நல்லா இருக்கட்டும், பாவம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்கடலட்சுமி கேட்டை உள்பக்கம் தாழிட்டார்.