சுருளாத இறகுகள்

தோரா நைகார்ட் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாள். திராட்சைச் சாறு கலந்த தட்டில் பழ ஈ முட்டைகள் பாதிக்கு மேல் பொரிந்துவிட்டன. புழுக்கள் ஈஸ்ட் பசையில் கல்யாண வீட்டுக் கூட்டம் போல நெளிந்துகொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தோராவுக்கோ அந்த முட்டைகள் செத்திருக்க வேண்டும்.

தாய் ஈ முட்டைக்குள் புரதங்களைக் கட்டுச்சோறு மாதிரி கட்டிக்கொடுத்து அனுப்புகிறது. கரு கொஞ்ச நேரம் அதை வைத்தே பிழைப்பை ஓட்டும். பிறகு தானே அடுப்பு மூட்டியாக வேண்டும். அதற்கு முன் பழையதை அப்புறப்படுத்த வேண்டும். எந்தப் புரதம் குப்பைக்கு என்று பார்த்து அதன்மேல் யுபிக்விட்டின் என்ற சீட்டை ஒட்டுவது லைகேஸ் என்ற நொதியின் வேலை. அந்த லைகேஸ் இல்லாத தாயின் முட்டையில் பழையது தேங்கிக் கரு செத்துப்போகும். தோரா மேடிசன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருஷம் ஈயோடு ஈயாகக் கிடந்து கண்டுபிடித்தது இதைத்தான்.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் லொரேன்தான் கொக்கி போட்டார். அந்த ஈ வம்சத்தில் வேறு ஏதோ கோளாறு ஒளிந்திருந்து அதுவே கருவைக் கொன்றிருந்தால் என்ன செய்வாய் என்றார். நியாயமான கேள்வி, அதனால்தான் எரிச்சல் வந்தது. நல்ல ஈக்களோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து வம்சத்தைச் சுத்தப்படுத்தினாள் தோரா. இது அந்தச் சுத்தமான வம்சத்தில் லைகேஸ் இல்லாத தாய்கள் முட்டையிட்ட முதல் தட்டு. இதில் முட்டை பொரிகிறது என்றால் கொன்றது வேறு எதுவோ. லைகேஸ் நிரபராதி, தோராவின் ஆய்வேடு அம்பேல்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் வாராவாரம் போல மீன் வறுவல் தின்னக் கிளம்பினார்கள். தோரா பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும், இனி எதற்கு இந்தச் சனியன்கள் என்று தாய் ஈக்கள் பிறந்த புட்டியை எடுத்தாள். ஈக்களை மயக்கி, வேண்டாத ஈக்களைக் கொட்டும் சாராய ஜாடிக்கு மேல் கவிழ்க்கப் போனவள், பழக்க தோஷத்தில் ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்தாள்.

புட்டியில் புதிதாகப் பிறந்திருந்த ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு இறகு சுருண்டிருந்தது.

அவளுக்குக் கை நின்றுவிட்டது. அடையாளத்துக்காக நல்ல லைகேஸ் மரபணுவோடு இறகைச் சுருட்டும் மரபணு ஒன்றும் கூடவே வரும்படி வைத்திருந்தாள்; இறகு சுருண்ட ஈ என்றால் அதனிடம் நல்ல லைகேஸ் மரபணு ஒன்று இருக்கிறது என்று பொருள். இறகு நேராக இருந்தால்தான் அது அறவே இல்லாத ஈ. அவள் பொறுக்கியது நேர் இறகுப் பெண் ஈக்களை. போன திங்கட்கிழமை இதே புட்டியில் ஏறக்குறைய எல்லாமே நேர் இறகாக இருந்தன. இவ்வளவு கிடைக்கிறதே என்று வாயெல்லாம் பல்லாக அள்ளிக்கொண்டாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

மீன் வாசனையோடு திரும்பி வந்த டெஸ்மண்டை வாசலிலேயே மறித்தாள். பக்கத்து மேஜைக்காரன், நல்லவன், ஆனால் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டான்.

"போன வாரம் நான் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப என் புட்டிய யாரு தொட்டா?"

"நான்தான். ஈ வைக்கிற சூட்டுப்பெட்டி வெயில்ல கெட்டுப்போய்க் கொதிக்க ஆரம்பிச்சுடுச்சு. உன் ஈயெல்லாம் வெந்துடுமேன்னு தூக்கிக் குளிர்ப்பெட்டில வச்சேன். திங்கக்கிழமை காலையில சரியாச்சு, திருப்பி வச்சுட்டேன். ஏன், செத்துடுச்சா?"

"குளிர்ல பிறந்தா சுருள வேண்டிய இறகும் சுருளாதுடா, தடியா!"

டெஸ்மண்ட் முகம் வெளுத்துவிட்டது. முதல் வருஷத்திலேயே ஈக்காரர்கள் எல்லோரும் படிக்கிற பாடம் அது. "ஐயோ தோரா, அப்ப நீ பொறுக்கினதுல பாதிக்கு மேல..."

"நல்ல மரபணு இருக்கிற ஈ. முட்டை பொரியாம என்ன செய்யும்?"

திட்டுவாள் என்று நின்றவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கையிலிருந்த மீன் பொட்டலத்தைப் பிடுங்கி நின்றபடியே தின்று தீர்த்தாள். உயிர் திரும்பி வந்தாலும் பயம் முழுசாகப் போகவில்லை. சூட்டில் பிறந்த, உண்மையிலேயே நேர் இறகுள்ள பெண் ஈக்களைப் பொறுக்கி, ஆண் ஈக்களோடு சேர்த்து மறுபடி தட்டு வைத்தாள். இந்த முறை கொஞ்சம்தான் கிடைத்தன. கொஞ்சமாகக் கிடைத்ததே அவளுக்குத் தெம்பாக இருந்தது.

அடுத்த வாரம் லொரேனும் டெஸ்மண்டும் பின்னால் நிற்க, தட்டைப் பார்த்தாள். ஒரு மூலை விடவில்லை. ஈஸ்ட் பசை அலுங்காமல் கிடந்தது. முட்டைகள் வரிசை குலையாமல் செத்துப் பழுப்பேறிக் கிடந்தன. புழு ஒன்றுகூட இல்லை. லொரேன் தானும் ஒருமுறை குனிந்து பார்த்து, "சரி, இனிமே நான் வாயத் திறக்கல. போய் எழுது," என்றார்.

தோரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் சரிந்த நேரத்தில் டுலூத் ஊரிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டாள். தங்கையின் குரல் தழுதழுப்பதைக் கேட்டுப் பதறி, என்னடி ஆச்சு என்றாள்.

"எல்லாம் செத்துப்போச்சுக்கா," என்றாள் தோரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒண்ணுகூடப் பிழைக்கல. எனக்கு இப்பதான் மூச்சே வருது."